முன்னே போன முகம்

ஒருவரை அவர்தான் என்று நீங்கள் எதை வைத்து அறிகிறீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். குரலை வைத்து என்பீர்கள்; சளி பிடித்த குரலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, யார் பேசுவது என்று சொந்தத் தம்பியையே வினவியிருப்பீர்கள். நடையை வைத்து என்பீர்கள். முழங்கால் வலி வந்தால் நடை வேறாகிவிடும். கடைசியில் முகம் என்றுதான் வந்து நிற்பீர்கள். நல்லது, முகத்தில் எந்த இடம்? ஓடைப்பாளையத்துக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. ஆகையால் ஒரு கோடையில் ஒரே பெண் அவர்களுக்கு இருவராகக் கிடைத்தபோது, அவர்கள் தயக்கமே இல்லாமல் ஒருத்தியை எடுத்துக்கொண்டு மற்றவளை விட்டுவிட்டார்கள்.

ஓடைப்பாளையம் விசைத்தறிகளின் ஊர். பொழுது விடிவதும் அடைவதும் தறிச் சத்தத்துக்குள்தான் என்பதால், அங்கே பிறந்தவர்கள் பேச்சைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் கேட்பதில் தேர்ந்தவர்கள். பட்டறையின் அந்தக் கோடியில் ஒருத்தி உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் இருப்பவள் சிரிப்பாள். தொட்டில் குழந்தைகூடத் தாயின் வாயைப் பார்த்தே தன் பெயரை முதலில் தெரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் மயிலாத்தாள் தறி ஓட்டினாள். ஒரு நாள் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களின் நடுவே இழையை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா, இரு முனையிலும் இரும்புக் கூர் வைத்த அந்தக் கட்டை, தறியை விட்டுத் தெறித்துப் பறந்து வந்து அவளுடைய இடது தாடையில் இறங்கியது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கன்னம் உள்ளே போனது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வார்த்தைகள் அந்த வளைவிலே நெளிந்து வெளிவந்தன.

ஊர் அவளுக்குக் கொடுமை எதுவும் செய்யவில்லை என்பதை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். யாரும் கேலி பேசவில்லை, யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அவர்கள் கண்ணை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். அவளோடு பேசும்போது அவளுடைய தோளோடு பேசினார்கள், கையிலிருந்த பையோடு பேசினார்கள், பின்னால் தொங்கிய நாட்காட்டியோடு பேசினார்கள். அது மரியாதை என்று மனமார நம்பினார்கள். வாயைப் பார்த்துக் கேட்கிற ஊரில் வாயைப் பார்க்காமல் இருப்பது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இப்படியே வருடங்கள் போயின. கணவன் நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போய்விட்டு மழைக்காலத்தில் மட்டும் வருகிறவன். மகள் கௌசிகா மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். தாயின் எதிரே சோற்றுத் தட்டும் தட்டுக்கு முன்னால் கைப்பேசியுமாக உட்காருவாள். கைப்பேசியில் ஓடும் முகங்களையே பார்த்துச் சாப்பிட்டு எழுந்து போவாள். மயிலாத்தாள் வீட்டிலேயே தார் சுற்றும், அதாவது நாடாவுக்குள் போகும் கட்டையில் நூல் ஏற்றும், வேலைக்கு மாறிக்கொண்டாள். நூல் சுற்றும் கட்டைக்கு யாருடைய முகமும் தேவையில்லை.

கௌசிகாவுக்கு ஒரு வரன் வந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி நிச்சயத்தன்று இரண்டு வீட்டுத் தாய்மாரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை இட வேண்டும். இட்டு விழுங்கிவிட்டால் பேச்சு உறுதியாயிற்று என்று பொருள். வேறு யார் இட்டாலும் செல்லாது.

"ஏம்மா, நிச்சயத்துக்குள்ள ஆஸ்பத்திரில காட்டிச் சரி பண்ணிக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கௌசிகா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

"எதுக்கு கண்ணு இப்ப? நான் நல்லாத்தான இருக்கறேன்" என்றாள் மயிலாத்தாள்.

"அவிய வூட்டு ஆளுக எல்லாம் வருவாங்கல்லம்மா."

அதற்கு மேல் மயிலாத்தாள் எதுவும் கேட்கவில்லை. மகளின் நிச்சயத்தில் மகளுக்காகத் தாய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு உலகத்திடம் மிச்சமிருந்த கோரிக்கை; அதற்குத் தாடையை அறுக்க வேண்டுமென்றால் அறுக்கட்டும் என்று பேருந்து ஏறினாள்.

நகரத்து மருத்துவமனையில் முகச் சீரமைப்பு செய்பவர் வசுமதி என்ற மருத்துவர். அவருக்கு முன்னேற்பாடு செய்து கொடுப்பவர் தாமோதரன். நடுவயதுக்காரர், நாள் முழுவதும் முகங்களோடு இருப்பவர். இருட்டறையில் மயிலாத்தாளை உட்கார வைத்துப் பல பக்கங்களிலிருந்தும் ஒளி பாய்ச்சிக் கருவி படமெடுக்க, திரையில் அவளுடைய முகம் மேடும் பள்ளமுமாகச் சிலைபோல் எழுந்தது. பழுதில்லாத வலப்பாதியை எடுத்துக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடப்பக்கம் திருப்பி வைத்து, அறுவைக்குப் பின் வரவேண்டிய முகத்தைத் தாமோதரன் உருவாக்கினார். பிறகு இன்றைய முகத்தின் மேல் வரவேண்டிய முகத்தைப் போர்த்தி ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிற இடம் பச்சையாகவும், சற்றே விலகுகிற இடம் மஞ்சளாகவும், உயரப்போகிற இடம் சிவப்பாகவும், தாழப்போகிற இடம் நீலமாகவும் தெரியும். அந்த நிறங்களைப் பார்த்துத்தான் மருத்துவர் எலும்பை எங்கே, எவ்வளவு நகர்த்துவது என்று முடிவு செய்வார்.

போர்த்துவதில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையின் குற்றம் முழுவதும் அங்கேதான் நடக்கிறது. அறுவைக் கத்தி தொடாத இடங்களான நெற்றி, மூக்கின் தண்டு, கண்களின் ஓரம் ஆகியவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு முகத்தை மற்றொன்றோடு பொருத்த வேண்டும். மாறாததை ஊன்றிப் பிடித்தால்தான் மாறியது எது என்று தெரியும். ஆனால் கருவியில் இன்னொரு வழியும் உண்டு. முழு முகத்தையும் முழு முகத்தோடு பொருத்து என்று சொல்லிவிட்டால் அது ஒரு நொடியில் பொருத்திவிடும். எந்த இடத்திலும் பெரிய வேறுபாடு வராதபடி சமாதானம் செய்து, தாடையின் கோணலை எடுத்து நெற்றிக்குக் கொஞ்சம், கண்ணுக்குக் கொஞ்சம், கன்னத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்துவிடும். அப்போது படம் பார்க்க மென்மையாக இருக்கும். எதுவும் பெரிதாகக் கெட்டுப்போகாததுபோல் தோன்றும். உண்மையில் எல்லா இடமும் கொஞ்சம் பொய்யாகியிருக்கும். அன்று வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். தாமோதரன் இரண்டாவது வழியில் பொருத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது ஒப்பீட்டுப் படம் இருந்தது. வரவேண்டிய முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. கருவி சில நேரம் அப்படிச் செய்வதுண்டு என்று அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த வாரச் சந்தையில் வரவேண்டிய முகம் கீரை வாங்கிக்கொண்டிருந்தது. மயிலாத்தாளின் உயரம், மயிலாத்தாளின் பழுப்புச் சேலை, முந்தானையை இழுத்துச் செருகும் அதே வாகு. முகம் மட்டும் இன்னும் நடக்காத அறுவைக்குப் பிறகு வரப்போகிற முகம். கீரைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பல வருடங்களுக்குப் பிறகு முகத்தையே பார்த்தாள்.

"அட, மயிலக்கா! எத்தன நாளாச்சு உங்களப் பாத்து! எங்க போயிட்டீங்க?"

"இங்கதானுங்க" என்றது அந்த முகம்.

"நல்லா தெளிஞ்சுட்டீங்க போங்க. இந்தாங்க, ஒரு கட்டு சேத்தி வெச்சுக்குங்க."

அந்த வேளையில் மயிலாத்தாள் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு சந்தையிலிருந்து திரும்பும் வழியில் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "இப்பத்தான சந்தைல பாத்துப் பேசிட்டு வாரேன், அதுக்குள்ள நீங்க இங்க இருக்கறீங்க" என்றான், பிறகு தார்க்கட்டையைப் பார்த்து, "ஓ, நீங்களா" என்றான், பிறகு போய்விட்டான். அந்த 'நீங்களா' என்ற சொல் அந்த வீட்டுக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். வெயில் வந்தால் நிழலுக்கு நகர்வதுபோல் எடுத்துக்கொண்டது. மூன்றாம் பேச்சிலேயே பெயர்கள் உண்டாகிவிட்டன; சந்தைக்கு வந்தவள் வரப்போற மயிலா, வீட்டில் இருந்தவள் இருக்கற மயிலா. விசேஷத்துக்கு அழைக்க வந்தவர்கள் வெற்றிலை பாக்கை வரப்போற மயிலாவின் கையில் கொடுத்தார்கள். கோயிலில் பூசாரி குங்குமத்தை அவளுக்குத்தான் நீட்டினார். மகளிர் குழுவில் நடுவில் இடம் விட்டு அவளை உட்கார வைத்தார்கள். ரேஷன் கடையில்தான் ஒரு சிக்கல் வந்தது. விரல் வைக்கும் கருவியில் அவளுடைய விரல் எதையும் பதியவில்லை, ஏனென்றால் கழுத்துக்குக் கீழே அவளை யாரும் திட்டமிட்டிருக்கவில்லை. அதற்கும் ஊர் வழி கண்டது. "அரிசிக்கு மட்டும் இருக்கற மயிலா வரட்டும். மத்ததுக்கெல்லாம் எதுக்கு அவியள சிரமப்படுத்தோணும்?" என்றார் கடைக்காரர், மிகுந்த பரிவோடு.

வரப்போற மயிலாவை எல்லாருக்கும் பிடித்துப் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்கு எதுவும் நடந்திருக்கவில்லை. நாடா பறந்து வந்தது அவளுக்குத் தெரியாது, வலி தெரியாது, காத்திருந்தது தெரியாது. எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பாள், "சரிங்க" என்பாள். விருந்தில் உட்கார்ந்து இலையைப் பார்ப்பாள், பசி கிடையாது. துக்க வீட்டில் உட்காருவாள், கண்ணீர் கிடையாது. நம்மிடம் எதையும் நினைவூட்டாத ஒருவரோடு பழகுவது எவ்வளவு எளிது என்பதை நீங்களும் அறிவீர்கள். அந்த எளிமையைத்தான் அன்பு என்று ஊர் நினைத்துக்கொண்டது. நாமும் பல நேரம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு மாலையில் நாச்சிமுத்து வடக்கிலிருந்து முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் கூப்பிட்டான். கௌசிகா கைப்பேசியைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த வரப்போற மயிலாவின் முன்னால் பிடித்தாள்.

"அடேயப்பா, மொகம் தெளிஞ்சிருச்சு! கல்யாணத்தன்னிக்குப் பாத்தாப்ல இருக்குதே!" என்ற அவன் குரல் சமையலறை வரை கேட்டது. "ஏனுங்க அம்மிணி, எதாச்சும் பேசுங்க!"

"சரிங்க" என்றது அந்த முகம்.

"சாப்ட்டாச்சா?"

"ஆமாங்க."

சமையலறையில் மயிலாத்தாள் அரிசியைக் கரையக் கரையக் குழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய் இப்போதெல்லாம் முன்போல் திறப்பதில்லை. தாடைப் பூட்டு இறுகிக்கொண்டே வந்தது. முதலில் சோற்று உருண்டை நுழையாமல் போனது, பிறகு இட்லித் துண்டு, பிறகு கரண்டியே. கஞ்சியை வடித்து விளிம்பு மெல்லிய டம்ளரில் ஊற்றி, தலையைப் பின்னால் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அவள் சாப்பிடுவதை யாராவது பார்த்திருந்தால் இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ், ஒரு பெண் பட்டினியை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருந்தாள். அவளைப் போகச் சொன்னவர் யாரும் இல்லை, வரச் சொன்னவரும் யாரும் இல்லை.

மாப்பிள்ளையின் தாய் தெய்வானை பெண் பார்க்க வந்தாள். கூடத்தில் வரப்போற மயிலாதான் உட்கார்ந்தாள், கேட்டதற்கெல்லாம் ஆமாங்க என்றாள், வந்தவர்களுக்குத் திருப்தியாயிற்று, நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு மயிலாத்தாள் கூடத்துக்கு வந்து, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"கண்ணு, ஆப்பரேசன் வேண்டாம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு. அதான் அவ இருக்கறாளே. சக்கரையும் அவளே வாங்கிக்கட்டும்."

கௌசிகாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் மயிலாத்தாள் வாயைப் பார்த்தும் முகத்தைப் பார்த்தும் பேச்சை அறிகிற ஊரில் பிறந்தவள். அவள் அதைப் படித்துவிட்டாள். டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

அதே சமயம் மருத்துவமனையில் வசுமதி ஒப்பீட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தாமோதரனை அழைத்தார்.

"நெத்தி ஏன் மஞ்சளா இருக்கு?"

"கொஞ்சம் வித்தியாசம் காட்டுது மேடம். ரொம்பக் கொஞ்சம்தான்."

"நெத்தியை நான் தொடவே போறதில்லையே, அங்க எப்படி வித்தியாசம் வரும்? முழு முகத்தையும் போட்டுப் பொருத்திட்டீங்களா?"

தாமோதரன் தலையசைத்தார்.

"இதை நம்பி எலும்பை வெட்டினா தாடை ஒரு பக்கம், நெத்தி ஒரு பக்கம்னு நிக்கும். திரும்பப் பொருத்துங்க. அந்த முகம் எங்க?"

"அது... வெளிய போயிருக்கு மேடம். அந்த ஊர்லதான் இருக்கிறதா சொல்றாங்க."

"அப்படின்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார் வசுமதி, வெளியே போன நோயாளியைத் திரும்ப அழைப்பதுபோல. பிறகு அவரே கௌசிகாவைத் தொலைபேசியில் அழைத்தார். "உங்கம்மா போன தடவை வந்தப்பவே வாய் ரெண்டு விரல் நுழையற அளவுக்குத்தான் திறந்துச்சு. இப்ப எப்படிம்மா? என்ன சாப்பிடுறாங்க?"

அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்பது கௌசிகாவுக்குத் தெரியவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். அடுப்பின் மேல் வடித்த கஞ்சி மட்டும் இருந்தது.

"இன்னும் தள்ளிப்போட்டா வாய் பூட்டிக்கும். அப்புறம் கஞ்சியும் இறங்காது. புரியுதா?" என்றது மருத்துவரின் குரல்.

இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்திருக்கும் செய்தி பரவியதும் ஊர் திரண்டு வந்தது. இருக்கற மயிலாவுக்காக அல்ல. "வரப்போற மயிலாவ அங்க கூட்டிட்டுப் போனா, திரும்ப வுடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தது. "அவிய இல்லாம எங்க குழு எப்படி அம்மிணி நடக்கும்?" என்றாள் ஒருத்தி. "நிச்சயம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாமே" என்றார் ரேஷன் கடைக்காரர். சின்னக்கண்ணு இன்னும் ஒரு படி மேலே போய், "போறதுன்னா இருக்கற மயிலா மட்டும் போவட்டும். அவியளுக்குத்தான ஒடம்பு சரியில்ல?" என்றான். எல்லாரும் நியாயம் என்று தலையசைத்தார்கள். கௌசிகா அவர்களைப் பார்த்தாள். அவர்கள் பேசியதில் ஒவ்வொரு சொல்லும் அவள் மனத்துக்குள் ஏற்கெனவே இருந்த சொல்தான். ஊரார் வாயில் அதைப் பார்த்தபோதுதான் அது எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வழி விடுங்க" என்றாள்.

நகரப் பேருந்தில் வரப்போற மயிலாவுக்கு ஒருவர் எழுந்து சன்னலோர இருக்கை கொடுத்தார். மயிலாத்தாள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். பாதி வழியில் கௌசிகா எழுந்து தன் இடத்தைத் தாய்க்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஏதோ சொல்லவும் செய்தாள். தாயின் தோளைப் பார்த்துத்தான் சொன்னாள். பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

இருட்டறையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கருவியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு முகம் சதை, ஒரு முகம் வெறும் வடிவம் என்பதால் கருவி குழம்பி நின்றுவிட்டது. "கையாலதான் பொருத்தணும்" என்றார் வசுமதி. "நெத்தியோட நெத்தி. ஆனா சரியா உக்காந்திருச்சான்னு யார் சொல்றது? எனக்கு இவங்களை ரெண்டு தடவைதான் பார்த்துப் பழக்கம்."

எல்லாரும் கௌசிகாவைப் பார்த்தார்கள்.

"நான்... எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள்.

"உங்கம்மா நெத்தி உனக்குத் தெரியாதா?"

கௌசிகா தரையைப் பார்த்தாள். வசுமதி அவளைக் கடியவில்லை. முகவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தி, "தாடையைப் பார்க்காதே. பழகாததை முதல்ல பார்க்க முடியாது. நெத்தியில ஆரம்பி" என்றார்.

கௌசிகா தாயின் நெற்றியைப் பார்த்தாள். வலது புருவத்தின் மேல் அம்மை போட்ட ஒரு தழும்பு. சிறுமியாக இருந்தபோது அதில் விரல் வைத்துத் தூங்கியிருக்கிறாள். புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள். தறிச் சத்தத்தில் மகளின் வாயைத் தூரத்திலிருந்து படிக்கக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்தவை. நெற்றியின் குறுக்கே நீளமாக ஒன்று, ஆழமாக. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது வந்த வருடங்களில் அவள் பார்த்திருக்கவில்லை. அங்கிருந்து அவளுடைய பார்வை மூக்கின் தண்டுக்கு இறங்கியது, கண்ணோரத்துக்கு வந்தது, பிறகு தானாகவே கன்னத்துக்கும் வாய்க்கும் வந்தது. மயிலாத்தாளின் உதடுகள் அசைந்தன. நெளிந்த அந்த அசைவைப் படிக்கக் கௌசிகாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பயமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டிருந்தாள் தாய்.

"இல்லம்மா" என்றாள் கௌசிகா. அப்படிச் சொன்னபோது அவளுக்குக் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

பிறகு அவளே எழுந்து, வரப்போற மயிலாவின் தலையை இரு கையாலும் பிடித்துத் தாயின் நெற்றியோடு சேர்த்தாள். "இன்னுங் கொஞ்சம் சாய்க்கோணும். இப்படி இல்ல. தழும்பு இருக்கற எடம் இங்க." ஒரு நூலிழை அளவு நகர்த்தினாள். நெற்றி நெற்றியில் உட்கார்ந்தது. அந்த நொடியில் மயிலாத்தாளின் தோலின் மேலேயே நிறங்கள் எழுந்தன. நெற்றி முழுவதும் இளம்பயிர் போன்ற பச்சை, கண்களைச் சுற்றிப் பச்சை, மூக்கு பச்சை, வலக்கன்னம், காதுகள், கழுத்து எல்லாம் பச்சை. இடது தாடையில் மட்டும், ஒரு வெற்றிலை அகலத்துக்கு, சிவப்பு. முகம் முழுவதும் பரப்பிப் பங்கு பிரிக்கப்பட்டிருந்த வேறுபாடு தன் இடத்துக்குத் திரும்பி வந்து அமர்ந்துகொண்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் கௌசிகா.

"இவ்வளவுதான்" என்றார் வசுமதி.

ஒரு வெற்றிலை அகலத்துக்காக ஒரு முழு மனுஷியை விட்டிருந்தார்கள். கௌசிகா அழுதாள். வரப்போற மயிலா "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே மெலிந்து, வெளிச்சமாகி, திரையில் இருந்த சாம்பல் நிறத்துக்குள் போய் நிறைந்துகொண்டாள். அவள் போனதற்கு ஓடைப்பாளையத்தில் ஒரு நாள் தறிகளை நிறுத்தித் துக்கம் கொண்டாடினார்கள்.

திட்டத்தை மறுபடி எழுத வேண்டும், அதற்கேற்ப எலும்பில் பொருத்தும் தகடுகளைச் செய்ய வேண்டும். அறுவைக்கு முன்பே நிச்சய நாள் வந்துவிட்டது. தள்ளிவைக்கலாம் என்று ஊரார் சொன்னார்கள். மயிலாத்தாளும் அதையே சொன்னாள். கௌசிகா கேட்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தாள்.

தெய்வானை வந்து எதிரே உட்கார்ந்து, மயிலாத்தாளைப் பார்த்து, பக்கத்தில் தேடினாள். "உங்கம்மா எங்கீங்க அம்மிணி?"

"இவியதானுங்க எங்கம்மா. அன்னிக்கு நீங்க பாத்தவிய இனிமே வரப்போறவிய. அவியளயும் பின்னால பாப்பீங்க. பெத்தவிய இவிய."

ஊரார் கண்கள் வழக்கம்போலத் தோளுக்கும் நாட்காட்டிக்கும் போயின. தெய்வானை சர்க்கரையை எடுத்து நீட்டினாள். மயிலாத்தாளின் வாய் திறக்கவில்லை. அவள் முயன்றாள், உதடுகள் நடுங்கின, சர்க்கரை சேலையில் சிந்தியது. பின்னால் யாரோ எழுந்து போகும் சத்தம் கேட்டது. கௌசிகா சர்க்கரையை நீரில் கரைத்துத் தெய்வானையின் கையில் கொடுத்தாள். தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தெய்வானை சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஒவ்வொரு சொட்டும் இறங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது; அது இறங்கியதா என்று தெரிந்துகொள்ள அந்த வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஒருவர் பின் ஒருவராக, விருப்பமில்லாமலும் வெட்கத்தோடும், அவர்கள் பார்த்தார்கள்.

மயிலாத்தாள் கையை ஆட்டி, போதும், எல்லாருக்கும் நேரமாகிறது என்பதுபோல் காட்டினாள்.

"பொறுமையாக் குடிங்க சம்மந்தி" என்றாள் தெய்வானை. "நாங்க எங்கயும் போகல."

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அறுவை பின்னர் நடந்தது, வாய் திறந்தது, முகம் நேரானது. முன்பு சந்தைக்கு வந்தவளைப்போல் இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள், பலர் பழைய பழக்கத்தில் தோளோடுதான் பேசினார்கள். பார்க்கப்படாமல் போன வருடங்களை எந்த மருத்துவரும் பொருத்திக் கொடுக்கவில்லை. மயிலாத்தாள் இன்றைக்கும் சில மாலைகளில் தார் சுற்றியபடி யாருமில்லாத கூடத்தில் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். அது என்னவென்று படிக்கக்கூடிய கௌசிகா கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

என் அன்புக்குரியவர்களே, நீங்களும் ஒருவரை ஒத்திவைத்திருக்கிறீர்கள். குடியை விட்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஓர் அண்ணனை; கோபம் குறைந்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்று ஒரு தந்தையை; தேர்வில் தேறட்டும் என்று ஒரு மகனை; நோய் தீரட்டும் என்று ஒரு தோழியை. அவர்களில் சரியாகப்போகிற ஒருவரை மனத்துக்குள் உருவாக்கி, அவரோடு மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் இன்னும் பிறக்கவில்லை. இருப்பவர் அடுத்த அறையில் இருக்கிறார், அவருக்குப் பசிக்கிறது, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. இன்று மாலை என்றும் நாளை என்றும் சொல்லாதீர்கள், இதற்கெல்லாம் நல்ல நாள் பார்க்காதீர்கள். இப்போதே எழுந்து போங்கள். அவர் எதிரே உட்காருங்கள். அவர் உண்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.